வாசகர் கேள்வி – பதில்: குதிரைக்குப் போர்வையா, புல்லா?

மார்த்தாண்டத்தைச் சேர்ந்த நண்பர்கள் பன்னிருவர் வருகிற அக்டோபர் மாதத்தில் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கில் குதிரையேறி ஊர் ஊராகச் செல்லவும், வழியில் இரண்டு இரவுகளைக் கூடாரத்தில் கழிக்கவும் திட்டமிட்டிருப்பதாகச் சென்ற இதழில் ஒரு கடிதம் வெளியாகியிருந்தது. அதைத் தொடர்ந்து அந்தக் குழுவினரிடமிருந்தும் மாவட்டத்தின் பிற ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். இராணுவத்தின் கால்நடைப் பிரிவில் கோவேறு கழுதைகளோடும் மலைக்குதிரைகளோடும் சில குளிர்காலங்களைக் கழித்தவன் என்பதைத் தவிர, இதைப் பற்றிப் பேச எனக்கு வேறு தகுதி இல்லை.

லங்சா, கோமிக், தேமுல், லாலுங், தங்கர் என்று வழி வகுத்திருக்கிறோம். இரவில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கும் என்கிறார்கள். நாங்கள் கம்பளிக்குள் படுத்திருக்க, குதிரைகள் வெட்டவெளியில் நிற்கும் என்பதை நினைத்தால் மனம் ஒப்பவில்லை. இங்கிருந்தே பன்னிரண்டு போர்வைகளும், சூடு தரும் என்பதால் கோட்டாறு சந்தையில் ஒரு மூட்டைக் கொள்ளும் வாங்கிச் செல்லலாமா?
— குழுவின் அமைப்பாளர், மார்த்தாண்டம்

போர்வையும் வேண்டாம், கொள்ளும் வேண்டாம். உங்கள் இரக்கத்தை நான் குறைசொல்லவில்லை; ஆனால் மார்கழி விடியலிலும் 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே அரிதாகவே இறங்குகிற ஒரு கடலோரத்தில் வளர்ந்த நாம், நமக்குக் குளிர்வதெல்லாம் குதிரைக்கும் குளிரும் என்று எண்ணிக்கொள்கிறோம். ஸ்பிட்டியில் நீங்கள் ஏறப்போவது பெரும்பாலும் சாமுர்த்தி என்னும் மலையினக் குதிரையாக இருக்கும். அதன் குளிர்கால மயிர் பனி விழுந்த பிறகு முளைப்பதன்று. கோடையின் நடுப்பகுதி கடந்து பகற்பொழுது குறையத் தொடங்கியதுமே அதன் உடல் அதற்கு ஆயத்தமாகிவிடுகிறது. ஆகவே அக்டோபரில் அது தன் போர்வையைத் தானே போர்த்திக்கொண்டுதான் நிற்கும். குளிர் கூடும்போது அந்த மயிர் குத்திட்டு நின்று, இடையில் காற்றைத் தேக்கி, தோலுக்கும் வெளிக்குமிடையே ஒரு சுவரை எழுப்புகிறது. குளிருக்குப் பழகிய, நன்றாகத் தின்கிற, உடம்பு உலர்ந்திருக்கிற ஒரு வளர்ந்த குதிரை, ஏறக்குறைய மைனஸ் 15 டிகிரி வரையிலும் உடற்சூட்டைக் காப்பதற்கென்று தனியாக எந்தப் பாடும் படுவதில்லை. அதன் முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே கிடப்பதைக் கண்டு புதியவர்கள் பதறுவதுண்டு. உள்ளிருக்கும் சூடு வெளியே கசியவில்லை என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. அந்த மயிரின்மேல் மெல்லிய போர்வை ஒன்றைப் போட்டுக் கட்டினால், குத்திட்டு நிற்கவேண்டிய மயிர் அமுங்கி, இருந்த பாதுகாப்பும் குறைந்துபோகும். கிழடு, நோயுற்றது, எலும்பு தெரிய மெலிந்தது ஆகியவற்றுக்கு மட்டுமே போர்வை உதவும். அத்தகைய குதிரையை இந்தப் பயணத்துக்கு அழைத்து வரவே கூடாது.

அப்படியானால் சூடு எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். குடலிலிருந்து வருகிறது. நார் மிகுந்த உலர்புல்லைக் குதிரையின் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் மணிக்கணக்கில் நொதிக்கச் செய்கின்றன. அந்த நொதிப்பில் பிறக்கும் வெப்பம்தான் இரவெல்லாம் அணையாத அடுப்பு. தானியத்தின் பெரும்பகுதி முன்னதாகச் சிறுகுடலிலேயே செரித்துவிடுவதால், அது வலுவைத் தருமேயன்றி அந்த அளவுக்கு நின்று சூடு தராது. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பது மனிதருக்குச் சொன்ன பழமொழி. அதைவிட முக்கியமானது, பழக்கமில்லாத தீனியைத் திடீரென்று அள்ளிக் கொடுத்தால் அந்த நுண்ணுயிர்க் கூட்டம் நிலைகுலைந்து, குதிரைக்கு உயிர்போகும் வயிற்றுவலி வரலாம். அன்பினால் குதிரையைக் கெடுப்பதில் நமக்கு நீண்ட மரபு உண்டு: பாண்டிய நாட்டில் கடல்வழியே வந்து இறங்கிய குதிரைகளுக்குச் சோற்றோடு இறைச்சியையும் வேகவைத்துக் கொடுத்தார்கள் என்றும், வாங்கிய குதிரைகளுள் பெரும்பாலானவை விரைவில் மடிந்தன என்றும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ குறித்துவைத்திருக்கிறார்.

ஆகவே போர்வைக்கு ஒதுக்கிய பணத்தைப் புல்லுக்குக் கொடுங்கள். ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு அதன் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடு உலர்தீனி வேண்டும்; 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு அது 6 கிலோ ஆகும். குளிர் கடுமையானால் இன்னும் கூட்டிக் கொடுக்கவேண்டும். அக்டோபரில் அந்த மலைகளில் மேய்ச்சல் காய்ந்துபோயிருக்கும் என்பதால், புல்லைக் கட்டுகளாகச் சுமந்து சென்றே ஆகவேண்டும். பயணத்தை நடத்துபவரிடம் கூடாரம் எப்படி, உணவு எப்படி என்று கேட்பதற்கு முன், இரண்டு இரவுகளுக்கும் எத்தனை கட்டுப் புல் ஏற்றப்படுகிறது என்று கேளுங்கள். தயங்காமல் எண்ணிக்கையைச் சொல்லுபவரை நம்பலாம்.

உண்மையில் அஞ்சவேண்டியது குளிரை அன்று, ஈரத்தை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நனைந்த சட்டையோடு மோட்டார் சைக்கிள் ஓட்டியவருக்கு, காற்றும் ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கவேண்டியதில்லை. மேட்டில் வேகமாக ஏற்றி, வியர்த்து ஒழுகும் குதிரையை அந்திநேரத்தில் அப்படியே கட்டிப்போட்டால், மயிர் படிந்து, அதன் காப்பு முழுவதும் போய்விடும். கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவான நடையில் கடக்கவேண்டும். இயன்றால் நீங்கள் இறங்கிக் கூடவே நடக்கலாம். சேர்ந்ததும் வயிற்றுவாரைத் தளர்த்திவிட்டு, சேணத்தைப் பத்து நிமிடம் முதுகிலேயே விட்டுவைத்து, பிறகு இறக்கி, ஒரு பிடி வைக்கோலால் முதுகை எதிர்மயிராகத் தேய்த்து உலர்த்தவேண்டும். சேணத்துக்கு அடியில் விரிக்கும் கம்பளத்தை வெளியில் போட்டுவிடாதீர்கள். முதல் குளிர்காலத்தில் நான் அந்தத் தவற்றைச் செய்தேன். வியர்வையில் நனைந்திருந்த கம்பளம் காலையில் பலகைபோல் உறைந்து கிடந்தது. அவசரத்தில் அதையே தட்டி மடித்துப் போட்டதில் நல்ல கோவேறு கழுதை ஒன்றின் முதுகு புண்ணாகி, மூன்று வாரம் சுமையின்றி நின்றது. அதற்குப் பிறகு ஈரக் கம்பளத்தை என் கூடாரத்துக்குள்ளேயே விரித்து வைத்தேன், நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டேன்.

சென்ற ஆண்டு வேறொரு மலைப்பகுதியில் இத்தகைய பயணம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். இரண்டாம் நாள் இரவு ஒரு குதிரை நிலத்தைக் காலால் கிளறுவதும், விலாவைத் திரும்பிப் பார்ப்பதும், படுத்துப் புரள்வதுமாக இருந்தது. குளிரினால் அப்படிச் செய்கிறது என்று கூட வந்தவர்கள் நெருப்பு மூட்டினார்கள். குதிரைக்காரர் மட்டும் அதை எழுப்பி நடத்திக்கொண்டே இருந்தார். விடியும்வரை யாரும் உறங்கவில்லை. அது என்ன நோய்?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

குதிரைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. நீங்கள் விவரித்த மூன்றும் வயிற்றுவலிக்கு உரிய அடையாளங்கள். குளிர்ப்பயணத்தில் அதற்கு முதற்காரணம் குடிநீர்க் குறைவு. ஒரு மலைக்குதிரைக்கு நாளொன்றுக்குப் பதினைந்து, இருபது லிட்டர் நீராவது வேண்டும். உலர்புல்லை மட்டும் தின்னும்போது அந்தத் தேவை இன்னும் கூடுகிறது. ஆனால் பனிக்கட்டி மிதக்கும் ஓடைநீரைக் குதிரை இரண்டு மிடறு குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பனியைத் தின்று தாகம் தீர்த்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வதை நம்பவேண்டாம். வாளி நிறையப் பனியை உருக்கினாலும் கிடைக்கும் நீர் மிகக் கொஞ்சம், அதை உருக்குவதற்கு உடற்சூடும் செலவாகிறது. நீர் போதாமல் உலர்ந்த தீனி குடலில் இறுகி அடைத்துக்கொள்கிறது. குதிரையால் வாந்தி எடுக்க இயலாது என்பதால், உள்ளே சேர்ந்த வாயுவும் தீனியும் மேல்வழியாக வெளியேற வாய்ப்பே இல்லை.

எனவே மாலையில் உங்களுக்குத் தேநீர் கொதிக்கும் அடுப்பிலேயே ஓர் அண்டா நீரையும் வைத்து, கைபொறுக்கும் வெதுவெதுப்பில் ஒவ்வொரு குதிரைக்கும் காட்டவேண்டும். வெதுவெதுப்பான நீரைக் குதிரை கூடுதலாகக் குடிக்கும். பன்னிரண்டு குதிரைகளுக்கு விறகும் எரிவாயுவும் எங்கே போவது என்று பயணம் நடத்துபவர் முணுமுணுக்கலாம். அந்த முணுமுணுப்பைப் பொருட்படுத்தாமல் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். சிறிது கல்லுப்பும் நக்கக் கொடுத்தால் தாகம் எடுக்கும். இரவில் யாரேனும் ஒருவர் எழுந்து, ஒவ்வொரு குதிரைக்குப் பின்னும் சாணம் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுப்பது நல்லது; சாணம் போடாத, தின்னாத குதிரைதான் முதல் எச்சரிக்கை. வலி கண்டால் தீனியை நிறுத்தி, மெல்ல நடத்தி, கால்நடை மருத்துவரை அழைக்க ஆள் அனுப்பவேண்டும். கஷாயம், எண்ணெய் என்று எதையும் வாயில் வலிந்து ஊற்றக்கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விட்டால் மருத்துவர் வந்தும் பயனில்லை.

எனக்குக் குளிர் பெரிதாகத் தெரியாது. ஆனால் இதே பயணத்துக்குச் சென்று வந்த என் தோழி, கால்விரல்கள் மரத்துப்போய் அழுதுவிட்டதாகச் சொல்கிறாள். நடப்பதைவிட அமர்ந்து செல்வது எளிதல்லவா? ஏன் கால் மட்டும் அப்படி ஆகிறது? என்னென்ன உடைகள் எடுத்துச் செல்லவேண்டும்?
— ஆசிரியை ஒருவர், தக்கலை

அமர்ந்து செல்வதனால்தான் அப்படி ஆகிறது. நடப்பவரின் கால்தசை ஒவ்வோர் அடிக்கும் சுருங்கி விரிந்து குருதியைத் தள்ளுகிறது. குதிரைமேல் இருப்பவரின் கால் மணிக்கணக்கில் தொங்கியபடியே இருக்கிறது, அடிப்பாதம் அங்கவடியின் இரும்பை மிதித்துக்கொண்டிருக்கிறது, காற்றும் நேராக அங்கேதான் வீசுகிறது. உடலின் நடுப்பகுதி குளிரத் தொடங்கியதும் இதயத்தையும் மூளையையும் காப்பதற்காகக் கைகால்களுக்குப் போகும் குருதியை உடல் குறைத்துவிடுவதால், விரல் மரத்துப்போகிறது. இதற்கு மருந்து காலில் இல்லை. வயிறும் மார்பும் தலையும் சூடாக இருந்தால் விரலுக்குக் குருதி வரும்.

உடலை ஒட்டிப் பருத்தி உடை அணியாதீர்கள். நம் ஊருக்குப் பருத்தியைப்போல் நல்ல துணி இல்லை. அங்கே அதைப்போல் கெட்ட துணி இல்லை, ஏனெனில் அது வியர்வையை உறிஞ்சிக்கொண்டு விடாது. குளச்சல் கடலில் இரவுத் தொழிலுக்குப் போகிறவர்களைக் கேளுங்கள். கடல்நீர் இதமாகவே இருக்கும்போதும், நனைந்த சட்டையில் காற்றுப் பட்டால் பல் கிட்டிக்கொள்கிறது. உள்ளே மெல்லிய கம்பளி, அதன்மேல் தடித்த கம்பளி, வெளியே காற்றும் நீரும் புகாத சட்டை என்று மூன்று அடுக்குகள் போதும். மேட்டில் ஏறும்போது ஓர் அடுக்கைக் கழற்றி, நின்றதும் வியர்வை ஆறுவதற்கு முன் மீண்டும் அணிந்துகொள்ளுங்கள். காலுக்கு இரண்டு மூன்று காலுறைகளைத் திணித்து மாட்டினால், இறுக்கத்தில் குருதியோட்டம் நின்று நிலைமை மோசமாகும். ஒரே ஒரு தடித்த கம்பளிக் காலுறையும், விரல்களை அசைக்க இடமுள்ள காலணியும் வேண்டும். அந்தக் காலணிக்குச் சிறிய குதிகால் இருக்கவேண்டும், அடிப்பகுதி அகலமாக இருக்கக்கூடாது. பனிச்சறுக்கலுக்கென்று விற்கும் பருத்த காலணி அங்கவடிக்குள் சிக்கிக்கொண்டால், விழுந்தவரைக் குதிரை இழுத்துச் செல்லும். குளிரில் விரல் மரப்பதைவிட அது பன்மடங்கு ஆபத்து.

மணிக்கு ஒருமுறை எல்லோரும் இறங்கிப் பத்து நிமிடம் நடக்கவேண்டும். உங்கள் கால் சூடேறும், குதிரையின் முதுகும் இளைப்பாறும். இரவில் உறங்குவதற்கென்று ஓர் இணைக் காலுறையை நெகிழிப்பையில் தனியாகக் கட்டிவையுங்கள். பகலில் எவ்வளவு அவசரம் வந்தாலும் அதைத் தொடாதீர்கள். குழுவில் எவரேனும் நடுங்கி நடுங்கித் திடீரென்று நடுக்கம் நின்றுபோய், நாக்குழறி, பொத்தானைப் போட இயலாமல் தடுமாறினால், அவர் குளிருக்குப் பழகிவிட்டார் என்று மகிழவேண்டாம். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே வெகுதூரம் இறங்கிவிட்டது என்று பொருள். ஈரத்துணியைக் களைந்து, உலர்ந்த கம்பளிக்குள் வைத்து, முதலில் மார்பையும் கழுத்தையும் சூடாக்கி, உணர்வு தெளிவாக இருந்தால் மட்டும் இனிப்பான சூட்டுநீர் கொடுத்து, கீழே இறக்கிக் கொண்டுபோகவேண்டும். கைகால்களைத் தேய்க்கக்கூடாது. மதுவும் கூடாது, அது தோலின் குருதிநாளங்களை விரித்து, உள்ளிருக்கும் சூட்டை வெளியே விட்டுவிட்டு, சூடாக இருப்பதுபோல் ஏமாற்றும். இதைக் குழுவின் ஆண்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

என் எடை 96 கிலோ. குதிரை ஏற ஆசை. குதிரைக்காரர்கள் ஒன்றும் சொல்வதில்லை என்கிறார் நண்பர். செல்லலாமா?
— ஒரு வாசகர், குளச்சல்

செல்லலாம், நடந்து. ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. 350 கிலோ எடையுள்ள நல்ல மலைக்குதிரைக்குக்கூட அது 70 கிலோதான். பிழைப்புக்காக நிற்கிற குதிரைக்காரர் உங்களிடம் மறுத்துப் பேசமாட்டார், குதிரையும் பேசாது. ஆகவே நீங்கள்தான் மறுத்துக்கொள்ளவேண்டும். உங்கள் பையைக் குதிரையில் ஏற்றிவிட்டுக் கூடவே நடந்தால், முன்சொன்ன கால்விரல் தொல்லை உங்களுக்கு வரவே வராது.

வழியில் குதிரைகளை ஏன் ஒன்றன்பின் ஒன்றாகவே விடுகிறார்கள்? இருட்டிவிட்டால் டார்ச் அடித்துக்கொண்டு போகலாமா?
— கல்லூரி மாணவர், ஆரல்வாய்மொழி

குதிரைகளுக்குள் யார் முன், யார் பின் என்ற வரிசை உண்டு; அதை மீறி ஒன்றையொன்று முந்தவிட்டால் கடியும் உதையும் தொடங்கும். ஒரு குதிரையின் நீளமாவது இடைவெளி விடுங்கள். வாலில் சிவப்புத் துணி கட்டியிருந்தால் அது உதைக்கும் குதிரை என்று பொருள். அதற்குப் பின்னால் இன்னும் விலகி வாருங்கள். ஓடையில் முன்குதிரை நீர் குடித்துக்கொண்டிருந்தால் பின்னவர் காத்திருக்கவேண்டும், ஏனெனில் மற்றவை விலகிப் போவதைக் கண்டால் அது பாதித் தாகத்தோடு தலையைத் தூக்கிவிடும்.

இருட்டுவதற்குள் தங்குமிடம் சேர்வதுதான் முறை. தவறிப்போய் இருட்டிவிட்டால் விளக்கை அணைத்துவிட்டுக் கடிவாளத்தைத் தளர்த்துங்கள். குதிரையின் விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால், விண்மீன் வெளிச்சத்திலும் அது நம்மைவிட நன்றாகப் பார்க்கும். ஆனால் வெளிச்சத்துக்கும் இருளுக்கும் மாறிமாறிப் பழக அதன் கண்ணுக்கு நம்மைவிட நேரம் பிடிக்கும். நீங்கள் டார்ச்சை ஆட்ட ஆட்ட அது குருடாகித் தடுமாறும்.

குதிரை நின்றுகொண்டே உறங்கும் என்பது உண்மையா?
— ஏழாம் வகுப்பு மாணவி, இரணியல்

உண்மைதான் பாப்பா, ஆனால் பாதி உண்மை. அதன் கால்களில் தசைநார்கள் பூட்டுப்போல் அமைந்திருப்பதால், அதிகச் சிரமமின்றி நின்றபடியே கண்ணயரும். ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தே ஆகவேண்டும். நாளொன்றுக்கு அரைமணி நேரத்துக்குச் சற்று கூடவோ குறையவோ அப்படிப் படுக்கும். கூட்டத்தில் ஒன்றாவது விழித்து நின்று காவல் காத்தால்தான் மற்றவை நம்பிக்கையோடு படுக்கும். இரவில் கூடாரத்துக்கு வெளியே குதிரை படுத்திருப்பதைக் கண்டு, நோய் என்று பயந்து யாரும் எழுப்பிவிடாமல் பார்த்துக்கொள்.

பயிற்சிக்கு நம் மாவட்டத்திலேயே ஏதேனும் வழி உண்டா? பேச்சிப்பாறைக் காட்டுப் பக்கம் குதிரையில் போய்ப் பார்க்கலாமா?
— ரப்பர் தோட்ட உரிமையாளர், குலசேகரம்

அந்தக் காடுகளின் பெரும்பகுதி 2008இல் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட எல்லைக்குள் வருகிறது; அனுமதியின்றி நடந்தே போகக்கூடாது, குதிரை எதற்கு? உங்களுக்கு வேண்டியது தொடை வலு. மருத்துவாழ்மலையில் வாரம் இருமுறை, பயணத்தில் போடப்போகும் அதே காலணியோடு ஏறி இறங்குங்கள். உங்கள் தோட்டத்தில் பால்வெட்டுகிறவர்கள் விடியலுக்கு முன் எத்தனை மரத்தைச் சுற்றி வருகிறார்களோ, அவர்களோடு ஒரு மாதம் சுற்றினாலும் போதும்.

குளிருக்கு இங்கே பயிற்சி இல்லை, உயரத்துக்கும் இல்லை. நீங்கள் செல்லும் ஊர்களுள் லங்சாவும் கோமிக்கும் 4,000 மீட்டருக்கு மேல் உள்ளவை. கடல்மட்டத்திலிருந்து நேரே அங்கே போய் இறங்கினால் தலைவலியும் குமட்டலும் நிச்சயம், மூச்சுத்திணறல் வந்தால் உயிருக்கே கேடு. 3,000 மீட்டரைத் தாண்டியபின் உறங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்குமேல் கூட்டாதிருப்பதே முறை. ஸ்பிட்டியின் தலைமை ஊரான காசாவில் முழுதாக இரண்டு நாள் தங்கிவிட்டுக் குதிரையைத் தொடுங்கள் என்று மார்த்தாண்டத்து நண்பர்களுக்கும் இதையே சொல்லுவேன். பயணத்திட்டத்தில் அந்த இரண்டு நாள்கள் இல்லையென்றால், விடுமுறையைக் கூட்டிக்கொள்ளுங்கள் அல்லது கோமிக்கை விட்டுவிடுங்கள்.

காலையில் குதிரைக்காரர் கடிவாளத்தின் இரும்பைத் தன் கம்பளிச் சட்டைக்குள் சற்றுநேரம் சொருகி வைத்திருந்ததைப் பார்த்தேன். அது ஏதேனும் சடங்கா?
— மேற்குறித்த நாகர்கோவில் வாசகர்

சடங்கு அன்று. இரவெல்லாம் வெளியில் கிடந்த இரும்பை அப்படியே வாயில் திணித்தால், குதிரையின் நாக்கும் உதடும் அதில் ஒட்டிக்கொண்டு தோல் உரிந்துவிடும். ஒருமுறை அந்த வலியைக் கண்ட குதிரை, மறுநாள் கடிவாளத்தைக் கண்டாலே தலையை உயர்த்திக்கொள்ளும். இரவில் கடிவாளத்தை உங்கள் படுக்கையின் காலடியில் போட்டுக்கொண்டு உறங்கினால் காலையில் அந்த வேலையும் இல்லை.